காப்புக் கட்டிய நாட்களில் ஒரு கித்தார்

ஏழு வயதில் என் அக்கா அமிர்தம் அப்பாவின் குடையைப் பிரித்துப்போட்டாள். குச்சியை மேலே தள்ளினால் எட்டுக் கம்பியும் ஒரே நேரத்தில் எப்படி விரிகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்டாள். குடை மறுபடி குடையாகவில்லை. அந்த ஐப்பசி முழுக்க அப்பா நனைந்துகொண்டே பட்டறைக்குப் போனார். வாங்கிய அடியை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த குற்றத்துக்கு எனக்கும் இரண்டு விழுந்தது, நான் மறக்கவில்லை.

நாங்கள் கொல்லர். புதுச்சேரிக்குப் பக்கத்தில், வில்லியனூர்க் கொம்யூனில் நெல்லும் கரும்புமாக இருக்கிற ஊர்களில் ஒன்றில்தான் என் பட்டறை. ஏர்க்கொழு, வண்டிப் பட்டா, கரும்பு வெட்டும் கத்தி, இவைதான் என் பிழைப்பு. எங்கள் வீடுகளில் பெண்கள் சுத்தி, உளி, வாள் என்று எந்த ஆயுதமும் எடுத்து வேலை செய்யக் கூடாது. துருத்தி ஊதலாம், கரி அள்ளலாம், அதோடு சரி. அக்காவுக்கு இது பெரிய கொடுமை. "எதுக்குக் கூடாது?" என்று அவள் கேட்காத ஆள் கிடையாது. யாருக்கும் பதில் தெரியாது. ஆகவே எல்லோரும் திட்டினார்கள்.

பதினாறு வயதில் அவளைப் பக்கத்து ஊர்த் தச்சர் கண்ணையன் ஆசாரிக்குக் கொடுத்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான் தூரம். மாமா தங்கமான வேலைக்காரர், வாய்தான் பூட்டு. அக்கா எதைக் கேட்டாலும், "உனக்கு எதுக்குடீ அது?" என்பார். பன்னிரண்டு வருஷம் அதே பதில்தான். குழந்தையும் இல்லாத வீட்டில் அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் குடித்தனம் செய்தாளோ!

மாமாவுக்கு உயிர் எதில் என்றால், தேரில். வைகாசியில் அவர்கள் ஊர் அம்மனுக்குத் தேர். நாலு வீதியிலும் தேர் திரும்புவது சக்கரத்துக்கடியில் போடும் முட்டுக்கட்டையால். ஒரு கணம் பிந்தினால் வீட்டுச் சுவரில் ஏறும், முந்தினால் கட்டை போடுகிறவன் கை போகும். அந்தக் கட்டை மூன்று தலைமுறையாக மாமா வீட்டு உரிமை. அவருடைய பங்காளி சின்னப்பிள்ளைக்கு அதன்மேல் ஒரு கண். கொடியேறும் அன்று மாமாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் தேர் ஓடி மூன்றாம் நாள் அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கறி மீன் கூடாது, பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது. சாராயம் குடிப்பதென்ன, கையால்கூடத் தொடக் கூடாது. தவறினால் கட்டை போய்விடும்.

முப்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் அரியாங்குப்பத்து சூசைநாதன் மாமாவைத் தேடி வந்தான். சைகோனில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே கித்தார் வாசிக்கக் கற்றவன். ஊருக்கு வந்து இறங்கும்போது அரிசி மூட்டை விழுந்து அவன் கித்தார் நொறுங்கிவிட்டது. நொறுங்கினதை ஒரு கோணியில் கட்டிக் கொண்டுவந்தான். எல்லாக் கித்தாரும்போல் தட்டையான பலகை அல்ல அது; முன்னும் பின்னும் ஆமை ஓடுபோல் உப்பல், பிடிலில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் நெளிந்த துளை. சைகோன் கப்பல் ஒன்றின் பாட்டுக் கோஷ்டியில் அவனுக்கு இடம் சொல்லியிருந்தார்கள். ஜூன் ஏழாம் தேதி கப்பல். கித்தார் இருந்தால் கோஷ்டி, இல்லாவிட்டால் அதே கப்பலில் உருளைக்கிழங்கு சீவ வேண்டியதுதான்.

மாமா ஒப்புக்கொண்டார். மாமாவின் கணக்கில் ஜூன் என்றால் ஆனி. ஏழாம் தேதி என்றால் ஆனி ஏழு. தேர் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கையில் இருக்கிறது என்று நிம்மதியாகச் செதுக்கினார். வீராம்பட்டினத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கப்பல் பாய்மரத்தை வாங்கி அறுத்து மேல்பலகை, நம்மூர்ப் பலாவில் பின்பலகை. அழகென்றால் அழகு! தட்டினால் உள்ளே முணுமுணுக்கும். காப்புக் கட்டுவதற்கு முதல் நாள்தான் சூசைநாதன் வந்து, "இன்னும் பன்னெண்டு நாள்தான்ணே" என்றான். மாமா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஜூன் ஏழு என்பது வைகாசி இருபத்தைந்து. தேர் ஓடின மறுநாள். காப்பு அவிழ்ப்பதற்கு முந்தின நாள். மாமா அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார்.

மீதி இருந்தது இரண்டு வேலை. ஒன்று, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முறுக்காணி, அவற்றை அடியில் பிடிக்கும் தகடு போன்ற உலோகச் சாமான்களைத் தேடிப் பொருத்துவது. அதற்கு ஊரைத் தாண்ட வேண்டும். இன்னொன்று, மெருகு. அவல் மாதிரிச் செதில் செதிலாக இருக்கும் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள் என்று சூசைநாதன் சைகோனில் பார்த்திருந்தான். அதற்குச் சாராயத்தைத் தொட வேண்டும்.

"நான் செய்றேன்" என்றாள் அக்கா.

மாமா அவளை ஏதோ புதுசாக வீட்டுக்குள் வந்த ஆளைப்போல் பார்த்தார். "ஆயுதத்த..." என்று ஆரம்பித்தார்.

"துணி ஆயுதமாய்யா? துணியால தேய்க்கறது எந்த ஊர்ல ஆயுதம்?"

அப்படியாக அக்காவும் கித்தாரும் வாய்க்காலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெருகு ஏற்றும் நாட்களில் பட்டறைப் புகை ஒட்டும், உலையை அணைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். என் பெண்டாட்டி சின்னபொண்ணு அவள் கட்சி. நான் என் வீட்டிலேயே விருந்தாளி ஆனேன்.

முதல் வேலையாக சுல்தான்பேட்டை கௌஸ் பாஷா கடைக்குப் போனோம். டவுனில் வெள்ளைக்காரர்கள் வீடு காலி செய்யும்போது பழைய சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிறவர் அவர். முறுக்காணி என்றதும் இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளியாட்டம் பளபளப்பு, தந்தக் குமிழ். இன்னொன்று ஏதோ மண்டலினிலிருந்து கழற்றியது, கறுத்துப்போன பித்தளை. தகட்டுக்கு நாலாக இரண்டு தகட்டில் எட்டு முறுக்காணி. எங்களுக்கு வேண்டியது ஆறு. நான் பளபளப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்காணியாகக் கட்டைவிரலால் திருப்பினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அரை மணி நேரம். எனக்கு மானம் போனது.

"பாய், இந்தப் பளபளப்பு இப்படித் திருப்பினா உடனே பிடிக்குது. அப்படித் திருப்பினா கொஞ்சம் சும்மா சுத்திட்டு அப்புறமாப் பிடிக்குது. பல்லு தேஞ்சிருக்கு. கம்பி நின்ன எடத்துல நிக்காது."

"பத்து வருஷமா இந்தக் கறுப்பு கடையில கெடக்குதும்மா" என்றார் பாஷா. "எல்லாரும் மூஞ்சப் பாத்துட்டுப் போனாங்க. யாரும் திருப்பிப் பாக்கல."

கறுத்ததை வாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு முறுக்காணியை அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கிற வாளுக்குக் கையை நீட்டினாள், நான் தரவில்லை. நானே அறுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "சாயுதுடா, சாயுதுடா" என்று என் உயிரை எடுத்தாள்.

அடித்தகடு என் வேலை. நல்ல தடித்த இரும்பில் அடித்துக் கொடுத்தேன். ஆறு கம்பி இழுத்தாலும் நூறு வருஷம் அசையாது. கம்பிகளைப் பூட்டி அக்கா ஒன்றைச் சுண்டினாள். தொப்பென்று நின்றது.

"இது கித்தாருக்காடா, மாட்டுவண்டிக்காடா? கனமே அமுக்குது. பித்தளைல மெல்லிசா செய்."

"அறுந்தா என்ன கேக்காத."

"அறுந்தா கேப்பேன். செய்."

கோபத்தோடு செய்தேன். பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டி வெற்றிலைத் தடிமனுக்குக் கொண்டுவந்தேன். சுண்டினாள். சின்னபொண்ணு கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்து, "யாரு பாடுனது?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். காட்டிக்கொள்வேனா? பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒரு முறத்தில் வைத்தோம். நிறமும் மெருகும் ஏற்றி முடித்த பிறகுதான் மறுபடி பூட்ட வேண்டும்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வாய்க்கால் கரைக்குப் போவாள். அந்தாண்ட மாமா வந்து நிற்பார், கையில் மஞ்சள் காப்போடு. நடுவில் முழங்கால் தண்ணீர்.

"இன்னா ஆச்சி?" என்பார். அவள் சொல்லுவாள். முறுக்காணி எப்படித் திரும்புகிறது, தகடு எவ்வளவு மெல்லிசு, கம்பிகளைத் தாங்கக் கருங்காலிக் குதிரை வைத்தாளா பலாக் குதிரை வைத்தாளா, ஏன். "ஏன்" என்று மாமா கேட்பதை நான் முதன்முதலில் அங்கேதான் கேட்டேன். தான் பெற்ற பிள்ளையை அடுத்த ஊரில் விட்டுவிட்டவன்போல் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவதில் எருமைகளெல்லாம் திரும்பிப் பார்க்கும். கல்யாணமாகி இவ்வளவு பேச்சு அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை.

நிறத்துக்கு வந்தோம். நடுவில் பொன்னிறம், ஓரத்தில் கறுப்பு வேண்டும் என்று சூசைநாதன் கேட்டிருந்தான். பழையது அப்படித்தான் இருந்தது, முறுகலாக வெந்த அடை மாதிரி. அக்கா மிச்சத் துண்டுகளில் ஒவ்வொன்றாகப் பூசிக் கூரைமேல் வெயிலில் போட்டாள். மஞ்சள் மூன்றே நாளில் வெளுத்துவிட்டது. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியைக் கரைத்துப் பூசினது நின்றது, நடுவுக்கு அது. ஓரத்துக்குக் கடுக்காய் ஊறின தண்ணீரைத் தடவி, அதன்மேல் புளித்த கஞ்சியில் துருப்பிடித்த ஆணி ஊறின தண்ணீரைத் தடவினாள். இரண்டும் தனித்தனியாக ஒன்றுமில்லை. சேர்ந்ததும் கண்ணெதிரே மரம் கறுத்தது. "ஐயோ, பாருடா பாருடா!" என்று குதித்தாள். இருபத்தெட்டு வயதுப் பொம்பளை!

அப்புறம்தான் சாராயம். வில்லியனூர்க் கடையில் போய் நான்தான் வாங்கினேன். குடிக்காத சாமிநாதன் புட்டியும் கையுமாகப் போகிறான் என்று வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பு. அவலரக்கைக் கரைத்துப் பஞ்சைத் துணியில் சுற்றித் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். ஒரு பகல் பூராவும். பொழுது சாயும்போது கித்தார் மின்னியது. காலையில் பார்த்தால் உடம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த மாதிரி. தேருக்கு நாலு நாள்.

சின்னபொண்ணு கண்ணேறு என்றாள். சாமி குத்தம் என்றேன் நான். அக்கா மிச்சச் சாராயத்தைக் கரண்டியில் ஊற்றிக் கொளுத்தினாள். நீலமாக எரிந்து அணைந்தது. கரண்டியைப் பார்த்தாள், விரலை விட்டாள், நாக்கில் வைத்தாள்.

"தண்ணிடா! பாதிக்கு மேல தண்ணி. சாராயம் பறந்துபோய்டுது, தண்ணி அரக்குக்குள்ள மாட்டிக்கிது. அதான் வெள்ள."

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் அவள் பொய் சொல்லியிருக்கலாம். நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவரால் வந்து பார்க்கவா முடியும்? நானும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். அவள் கரையில் நின்று, தொண்டை கிழிய, "வெள்ள பூத்துடுச்சிய்யா! என் கையாலதான் கெட்டுப்போச்சி! சாராயத்துல தண்ணி இருக்கு! தண்ணியில்லாதது வேணும்!" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமா அந்தாண்ட உட்கார்ந்துவிட்டார். "தொடச்சி எடுக்க முடியுமா?" என்றார். முடியும் என்றாள். "சரி, எடு" என்றார். அவ்வளவுதான், ஒரு ஏச்சில்லை.

ஆனால் வாய்க்காலில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளைக்கும் காது இருந்தது.

மறுநாள் விடியுமுன் சைக்கிளை மிதித்தேன். மூலக்குளம் தாண்டி டவுனுக்குப் போய், மருந்துக்கடையில் ஊசிக்கு முன்னால் தடவும் ஸ்பிரிட்டு ஒரு புட்டி வாங்கினேன். அக்கா ஒரு கரண்டி கொளுத்திப் பார்த்தாள். எரிந்து முடிந்ததும் கரண்டி உலர்ந்திருந்தது. வெள்ளையைத் துடைத்தெடுத்து, அரக்கை இதில் கரைத்துப் புதிதாகத் தேய்க்க ஆரம்பித்தாள். மூன்று நாளில் அவள் உள்ளங்கை தோலுரிந்தது. கித்தார் இந்தத் தடவை பூக்கவில்லை. உள்ளேயிருந்து விளக்கேற்றினாற்போல் இருந்தது. ஓரத்துக் கறுப்பு எங்கே முடிகிறது, பொன்னிறம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கடைசிப் பூச்சு ஒன்று பாக்கி. தேரன்றைக்குச் சாயங்காலம் போட்டுவிடலாம் என்று துணி மூடி வைத்துவிட்டுத் தேர் பார்க்கப் போனோம்.

வடம் பிடிக்கத் தயாராக ஊரே நின்றது. மாமா முட்டுக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். சின்னப்பிள்ளை குறுக்கே வந்தான்.

"காப்புக் கட்டின வூட்டுல சாராயம் புழங்குது! ஊரைக் கேக்கறேன், இந்தக் கையா கட்டை போடறது?"

சலசலப்பு ஓய்ந்ததும் நாட்டாண்மைக்காரர் மாமாவை ஓரமாகக் கூப்பிட்டார். பாவம், அவருக்கும் மாமாவை விட மனசில்லை. நாங்கள் எட்டித்தான் நின்றோம், இருந்தாலும் காதில் விழுந்தது.

"கண்ணையா, பொம்பளை ஒனக்குத் தெரியாம பொறந்த வூட்டுல போய் இன்னாத்தையோ செஞ்சிட்டா. அப்படித்தான? அத மட்டும் சொல்லு. காப்புக்கு ஒரு கொறையும் இல்ல. தேரை இழுக்கலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடு மாமா, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் இறங்கியது. அவளும் அதைத்தான் வேண்டினாள் என்று பிற்பாடு சொன்னாள்.

மாமா நிமிர்ந்தார். ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சா. நான் ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சா. என் வேலையத்தான் செஞ்சா" என்றார்.

நாட்டாண்மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பூசாரி வந்து காப்பை அறுத்தார். மாமா கட்டையைத் தரையில் வைத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விலகினார். சின்னப்பிள்ளை எடுத்துக்கொண்டான். தேர் நாலு வீதியும் நன்றாகவே சுற்றி வந்தது, ஒரு சுவரில் உரசவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சூசைநாதன் மறுநாள் வந்தான், பூட்டினான், வாசித்தான், எங்கள் எல்லார் காலையும் தொடப்போனான், கப்பலேறினான். முறுக்காணி நின்ன இடத்தில் நிற்கிறதென்று சைகோனிலிருந்து கடுதாசி வந்தது. மாமா அதற்குப் பிறகு சாகும்வரை கட்டை போடவில்லை. அந்த உரிமை சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. இதையெல்லாம் சொல்லியாயிற்று. நான் சொல்ல வந்தது அந்தத் தேர் நாள் சாயங்காலம்.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் மாமா வாய்க்காலில் இறங்கியே வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். அக்கா வாசலில் நின்று அழுதாள். அவர் நேரே உள்ளே போய்த் துணியை எடுத்தார். பத்து நாளாகக் காதால் மட்டும் கேட்ட சாமானைக் கண்ணால் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முறத்திலிருந்து முறுக்காணியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஓரத்துக் கறுப்பை மோந்தும் பார்த்தார்.

"கட்டை போச்சேய்யா" என்றாள் அக்கா. "மூணு தலமொறை. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் திட்டு வாங்கிட்டுப் போறேன். எனக்கு இன்னா புதுசா?"

மாமா கித்தாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"வெள்ள பூத்துடுச்சின்னு நீ சொன்ன. அந்தாண்ட நின்ன எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லாட்டி தெரியவே தெரியாது. அப்பக்கூட சொன்ன. நான் மட்டும் எப்படிடீ ஊர்ல நின்னு பொய் சொல்றது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் உலையைப் பார்க்கப் போகிறவன்போல் திரும்பிக்கொண்டேன். உலையில் நெருப்பே இல்லை.

"கடைசிப் பூச்சு பாக்கி இருக்குன்னியே" என்றார் மாமா. பஞ்சுத் துணியை அவரே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தோய்த்துக் கையில் பிடித்தார். பிடித்த பிடி மரம் சீவும் இழைப்புளி பிடிக்கிற பிடி. "எப்படித் தேய்க்கணும்?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோலுரிந்த கையை அவர் கைமேல் வைத்தாள்.

"அழுத்தாதய்யா" என்றாள். "வட்டமாப் போ. நிறுத்தாத. நிறுத்தினா ஒட்டிக்கும்."

"ஏன்?" என்றார் மாமா.